செத்தக்காவின் சிரிப்பு

என் அக்காவுக்குப் பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கிக் கணக்கில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி ஸ்டூடியோ வாசலில் கேட்டைத் திறக்கிறவரில் தொடங்கி இயக்குநர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் செத்தக்காதான். அவளும் பட்டம் வாங்கினது போல அதை ஏற்றுக்கொண்டுவிட்டாள். போனை எடுத்தால், "செத்தக்கா பேசறேன், சொல்லுங்க" என்பாள். அந்தப் பக்கம் புதிய ஆளாக இருந்தால் பாவம், போனை வைத்துவிடுவார்.

கொலைகாரப் படங்களில் சாவதுதான் அவள் தொழில். முகத்தை மறைத்த ஒருத்தன் ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டிக்கொண்டே வருவான், கடைசியில் கதாநாயகி மட்டும் தப்பிப்பாள், அந்த மாதிரிப் படங்கள். அவள் தப்பிப்பது பெரிய விஷயமாகத் தெரிய வேண்டுமானால் அதற்கு முன்னால் நாலு பேர் தப்பிக்காமல் இருக்க வேண்டும் அல்லவா? அந்த நாலு பேரில் ஒருத்தி என் அக்கா. விடுதிச் சமையல்காரி, சலவைக்கடைக்காரி, லிஃப்டில் தனியாக ஏறுகிறவள், "யாரது?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறக்கிறவள். புத்தியுள்ளவர்கள் யாரும் அந்த நேரத்தில் கதவைத் திறக்க மாட்டார்கள். ஆனால் அவள் திறந்ததால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

சும்மா படுத்துக் கிடப்பதற்கு என்ன திறமை வேண்டும் என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் ஆள் குறைகிறது என்று என்னைப் படுக்கவைத்தார்கள். மூக்கில் ஈ உட்கார்ந்தது, தும்மிவிட்டேன். அக்கா கண்ணைத் திறந்தபடியே சாவாள். விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கும், யாராவது ஒயரை இழுத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போவார்கள், இமை அசையாது. நான் அதே யூனிட்டில் ரத்தம் கலக்குகிறவன். சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயமும் கொஞ்சம் கோகோப் பொடியும் கலந்து வாளியில் வைத்திருப்பேன். கூடப்பிறந்தவளுக்காக நான் சிந்தின ரத்தத்தை உலகத்தில் எந்தத் தம்பியும் சிந்தியிருக்க மாட்டான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாவுக் காட்சி முடிந்ததும் கேமராவை நிறுத்த மாட்டார்கள். செத்தவர் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடித்த பிறகுதான் அடுத்த வேலை. சிரிக்காமல் போனால் அந்தச் சாவு படத்தைப் பிடித்துக்கொள்ளும், படம் எழுந்திருக்காது என்று நம்பிக்கை. படம் எழுந்திருக்காததற்குக் கதையே இல்லாததுகூடக் காரணமாக இருக்கலாம் என்று யாரும் சந்தேகப்பட்டதில்லை. அக்காவின் சிரிப்பு கடமைக்குச் சிரிக்கிற சிரிப்பு. உதட்டை இழுத்துக் காட்டிவிட்டு முகம் கழுவப் போய்விடுவாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரு படத்திலாவது கடைசி வரைக்கும் உயிரோடு இருக்க வேண்டும். இது நடிகைக்கு வருகிற ஆசை இல்லை, பெண்டாட்டிக்கு வருகிற ஆசை. என் அத்தான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அக்காவின் படம் ஒவ்வொன்றுக்கும் முதல் நாளே எங்களைத் தன் பழைய காரில் கூட்டிக்கொண்டு போவார். அக்கா திரையில் செத்ததும் எழுந்து வெளியே போய்விடுவார். படம் முடிந்து நாங்கள் வரும் வரைக்கும் காரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். ஏன் என்று கேட்டால், "நீ போன பிறகு அங்க எனக்கு என்ன வேலை?" என்பார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கட்டின நாளிலிருந்து அவர் ஒரு படத்தின் முடிவைக்கூட அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. பக்கத்து நாற்காலி காலியாகக் கிடக்க, எவளோ ஒருத்தி தப்பிப்பதைப் பார்த்துவிட்டு வருவது அக்காவுக்கு வலித்தது.

இனி கொலைகாரர்களுக்கு வருகிறேன். ஒரு கம்பெனியிடம் வெல்டர் இருந்தான். முகத்தில் வெல்டிங் கவசம், கையில் பழுக்கக் காய்ச்சிய கம்பி, வாயில் ஒரு வார்த்தை கிடையாது. இன்னொரு கம்பெனியிடம் டெய்லர் இருந்தான். முகத்தில் துணி கட்டியிருப்பான், கழுத்தில் அளவு நாடா, கையில் பெரிய கத்தரி. கொல்வதற்கு முன்னால் அளவெடுத்துக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசுவான். "கழுத்து கொஞ்சம் லூசா இருக்கட்டுமா?" என்று அவன் கேட்டால் தியேட்டரே அலறும். ஆரம்பத்துப் படங்கள் நிஜமாகவே பயமாக இருந்தன. அதற்குப் பிறகு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். வெல்டரைக் கப்பலில் ஏற்றினார்கள், பனிமலையில் ஏற்றினார்கள், கடைசியில் விண்வெளிக்கே அனுப்பினார்கள். காற்றே இல்லாத இடத்தில் அவன் எப்படி நெருப்பு மூட்டினான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. டெய்லருக்குச் சோகமான சிறுவயது ஒன்றைக் கொடுத்து, உட்காரவைத்து அழவிட்டார்கள். கொலைகாரன் அழ ஆரம்பித்தால் கல்லாவும் சேர்ந்து அழும்.

சரக்குப் போகாத இரண்டு கடைக்காரர்கள் கூடிப் பேசினால் என்ன செய்வார்கள்? நடுத்தெருவில் சண்டை போட்டுக்கொள்வார்கள், கூட்டம் சேரும். அப்படிப் பிறந்ததுதான் வெல்டரும் டெய்லரும் மோதும் படம். ஜெயிக்கப்போவது யார் என்று சுவருக்குச் சுவர் போஸ்டர் ஒட்டினார்கள். யாரும் ஜெயிக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டதை மட்டும் ஒட்டவில்லை. இருவரும் சரிசமமாகக் கொல்ல வேண்டும். ஒருவன் விழுந்தால் மற்றவனும் அதே நொடியில் விழ வேண்டும். டெய்லராக நடிக்கிறவர் குள்ளம் என்பதால் அவர் நிற்கிற இடமெல்லாம் பலகை போட்டு உயர்த்தினார்கள். இரண்டு கம்பெனி வக்கீல்களும் மானிட்டருக்குப் பின்னால் நாற்காலி போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டெய்லர் சட்டையில் ரத்தம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால், எங்கள் ஆளுக்கும் அதே அளவு ஊற்று என்று வெல்டரின் வக்கீல் என் வாளிக்கு முன்னால் வந்து நிற்பார். விருந்தில் பரிமாறுகிறவன் பாடு அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அக்கா இரண்டு பேரிடமும் செத்தவள். வெல்டர் அவளை ஒரு பட்டறைக் கேன்டீனில் கொன்றிருக்கிறான், டெய்லர் ஒரு கோட்டுக்கு அளவெடுக்கும்போது கொன்றிருக்கிறான். எனவே இந்தப் படத்தில் அவளைக் கொல்கிற உரிமை யாருக்கு என்பது கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, சாக வேண்டிய ஒரு பெண் குளியலறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டாள். மிச்சமிருந்தவர்களை இரண்டு பேருக்கும் பங்கு போட்டால் அக்கா மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் நின்றாள். இன்னொரு ஆளைக் கூட்டிவந்து கொன்றால் தீர்ந்தது. அந்த ஆளுக்கு எந்தக் கம்பெனி சம்பளம் கொடுப்பது என்று அதற்கும் சண்டை.

இயக்குநர் இரண்டு வீட்டுக்கும் நல்லவராக இருக்க நினைக்கிற மனிதர். காலையில் வெல்டர் கொல்லட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு டெய்லர் கொல்லட்டும், எதை வைத்துக்கொள்வது என்று எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதே மாடிப்படி, அதே சேலை, அதே அக்கா. காலையில் கம்பிக்குச் செத்து, கடமைச் சிரிப்புச் சிரித்து, குளித்துவிட்டு வந்து, மத்தியானம் கத்தரிக்குச் செத்தாள். இரண்டாவது சாவு முடிந்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை, ஏனென்றால் அவள் தலைமாட்டில் ஒரு வக்கீலும் கால்மாட்டில் ஒரு வக்கீலும் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த அம்மாவை முதலில் கொன்றது எங்கள் ஆள் என்றார் ஒருவர். நன்றாகக் கொன்றது எங்கள் ஆள் என்றார் மற்றவர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் தானே இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிணத்துக்கே பங்கு கேட்டவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இயக்குநர் கையைப் பிசைந்துகொண்டு, சிரித்துவிடுங்கள் அக்கா, வேலையை முடிப்போம் என்று கெஞ்சினார். அக்கா எழுந்து உட்கார்ந்தாள். தலைமாட்டைப் பார்த்தாள், கால்மாட்டைப் பார்த்தாள்.

"உயிரோட இருக்கறப்ப உக்கார ஒரு ஸ்டூல் போட ஆளில்ல. செத்ததும் ரெண்டு கம்பெனி சொந்தம் கொண்டாடுது" என்றாள்.

வக்கீல்கள் விலகிக்கொண்டார்கள். அவள் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். அது கடமைச் சிரிப்பு இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது, நிற்கவே இல்லை. நான் ஊற்றின ரத்தம் நெற்றியிலிருந்து வழிந்து பல்லில் இறங்கியது. அவள் துடைக்காமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். விளக்குப் பிடிக்கிறவர்கள்கூட ஒரு அடி பின்னால் போனார்கள். கூடப்பிறந்த நானே வாளியைத் தூக்கிக்கொண்டு விலகினேன்.

எடிட்டிங்கில் எதிர்பார்த்ததே நடந்தது. கம்பிச் சாவை வைத்தால் வழக்குப் போடுவேன் என்றது ஒரு கம்பெனி, கத்தரிச் சாவை வைத்தால் நான் போடுவேன் என்றது இன்னொரு கம்பெனி. இரண்டையும் தூக்கிவிட்டார்கள். அதோடு இன்னொரு தலைவலியும் வந்தது. கொலைகாரர்கள் இருவரும் ஒரே நொடியில் விழுந்து தொலைவதால் படம் சப்பென்று முடிந்தது. யார் ஜெயித்தார்கள் என்று பார்க்கக் காசு கொடுத்து வந்தவன் நாற்காலியைக் கிழிப்பான். இரண்டு வக்கீலும் ஆட்சேபிக்க முடியாத காட்சி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று எடிட்டர் தேடியிருக்கிறார். வெல்டரும் இல்லாமல் டெய்லரும் இல்லாமல் அக்கா மட்டும் இருந்த காட்சி ஒன்றுதான் கிடைத்தது.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. வழக்கம்போல முதல் நாள் மத்தியானக் காட்சிக்குப் போனோம். அக்கா வந்தாள், பாத்திரம் கழுவினாள், மாடிப்படி ஏறினாள். அத்தான் கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். காட்சி மாறிவிட்டது. இடைவேளை வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக இடைவேளையில் அத்தான் உள்ளே இருந்தார். எதையோ பறிகொடுத்தவர் போல முழித்துவிட்டு, "நீ இன்னும் சாகலையே?" என்றார். எனக்கும் தெரியவில்லை என்று அக்கா தலையாட்டினாள். இரண்டு பேரும் திரையை விட்டுவிட்டுச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் வெல்டரும் டெய்லரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு உலையில் விழுந்தார்கள். சண்டையில் விழுந்த மாதிரி இல்லை, ஜோடியாகக் குளிக்கப் போன மாதிரி இருந்தது. பின் வரிசையில் ஒருத்தன் ஊளையிட்டான். புகை அடங்கியது. மாடிப்படி தெரிந்தது. படியில் அக்கா எழுந்து உட்கார்ந்தாள். நேராக எங்களைப் பார்த்தாள். சிரித்தாள்.

தியேட்டர் எழுந்து நின்று கத்தியது. இவள்தான் அத்தனைக்கும் பின்னால் இருந்தவள் என்று அவர்களாகவே ஒரு கதை கட்டிக்கொண்டார்கள். அத்தான் எழுந்திருக்கவில்லை. பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்து, கூட்டுகிறவர் துடைப்பத்தோடு வந்து நிற்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். பிறகு, முடிவு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அக்கா அழுதுவிட்டாள். சொல்வதற்கென்ன, எனக்கும் கண் கலங்கியது.

அந்தப் பத்து நொடிக்காகவே படம் ஓடியது. இரண்டு கம்பெனிகளும் மறுபடி கூடிப் பேசின. அடுத்த படத்தில் சிரிக்கிற பொம்பளை வெல்டரையும் டெய்லரையும் துரத்த வேண்டும் என்று முடிவானது. அக்காவை அலுவலகத்துக்கு வரவழைத்து, சுழல்கிற நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஸ்டூலே பார்க்காதவளுக்குத் தலைகால் புரியவில்லை. மேக்கப்புக்காக என்று சொல்லி, மூக்கில் இரண்டு உறிஞ்சுகுழாய்களைச் செருகி, முகம் முழுக்கப் பசை பூசி அச்செடுத்தார்கள். சிரித்தபடியே இருங்கள் அம்மா என்றார்கள். பசை இறுகும்வரை தாடை வலிக்க அசையாமல் சிரித்துக்கொண்டிருந்தாளாம். அசையாமல் இருப்பது அவளுக்குக் கைவந்த கலை, சிரித்துக்கொண்டு இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது என்று என்னிடம் சொன்னாள். தெரு முழுவதும் செய்தி பரவியது. மாடிவீட்டுக்காரி தன் பிள்ளைகளுக்கு அக்காவைக் காட்டி, சாப்பிடாவிட்டால் இந்தப் பெரியம்மா வந்து சிரிப்பாள் என்று சோறு ஊட்டினாள். படப்பிடிப்பின் முதல் நாளுக்கென்று அத்தான் ஒரு புதுச்சட்டை வாங்கினார். படப்பிடிப்புக்கு வருகிற டிரைவருக்கு எதற்குப் புதுச்சட்டை என்று நான் கிண்டல் செய்தேன். கதாநாயகியின் புருஷன் கசங்கின சட்டையோடு போனால் நன்றாகவா இருக்கும் என்று திருப்பிக் கேட்டார்.

அன்று அத்தான் காரை ஸ்டூடியோ வாசலில் நிறுத்திவிட்டு அங்கேயே இருந்தார். அக்காவும் நானும் உள்ளே போனோம். தளத்தின் நடுவில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அதே நெற்றி, அதே கன்னத்து மடிப்பு, ரத்தம் வழிகிற அதே சிரிப்பு. கழுத்துக்குக் கீழே மட்டும் ஒல்லியாக, விறைப்பாக, சண்டைக்கார உடம்பு. என் பக்கத்தில் நின்ற நிஜ அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தயாரிப்பாளர்கள் இருவரும் ஓடிவந்து விளக்கினார்கள். கொலைகாரிக்கு நிறைய ஓட்டம், கூரை தாவுகிற காட்சிகள் எல்லாம் உண்டு. இந்த வயதில் அம்மாவைக் கஷ்டப்படுத்த மனசு வரவில்லையாம். அதனால் முகத்துக்கு முகமூடி, ஓடுவதற்கு ஒரு சண்டைப் பெண். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அப்படியானால் தான் எதற்கு என்று அக்கா கேட்டாள். அதற்கென்ன, பழைய மரியாதையை மறப்போமா, முதல் சாவு உங்களுடையதுதான் என்றார் ஒருவர். அந்த முகமே வந்து அந்த முகத்தைக் கொல்கிறது, தியேட்டர் அலறப்போகிறது என்றார் மற்றவர், ஏதோ பரிசு கொடுக்கிறவர் போல.

வாளியை அவர்கள் தலையில் கவிழ்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அக்கா கத்தவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எப்ப சாகறேன்?"

"படத்தோட பேர் வர்றதுக்கு முன்னாடியேம்மா. ஆரம்பமே அதிரடி."

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து முதுகைச் சாய்ப்பதற்குள் எழுந்து போக வேண்டியிருக்கும். அக்காவும் அதைத்தான் நினைத்திருப்பாள், முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. வா போகலாம் என்று இழுத்தேன். வந்த வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டாள். காட்சி தொடங்கியது, கதவைத் தட்டினார்கள். "யாரது?" என்று கேட்டுக்கொண்டே போய்த் திறந்தாள். வாசலில் அவளே நின்று சிரித்தாள். இத்தனை வருஷம் எத்தனையோ விதமாகச் செத்தவள், அன்றைக்குச் செத்த மாதிரி செத்ததில்லை. அந்தச் சண்டைப் பெண் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, முகமூடிக்குள்ளேயே அழுதாள்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். அக்கா எழுந்து உட்கார்ந்து முந்தானையால் வாயைத் துடைத்தாள். சிரிங்கக்கா என்றார் இயக்குநர்.

"சிரிப்பத்தான் நீங்க எடுத்துக்கிட்டீங்களே. அந்தப் பொண்ணு மாட்டியிருக்கு பாருங்க. அதையே படம் பிடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி நடந்தாள். நான் வாளியை அங்கேயே விட்டுவிட்டுப் பின்னால் போனேன். வெளியே அத்தான் புதுச்சட்டை கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ரத்தமும் முகமுமாக வருகிற பெண்டாட்டியைப் பார்த்துவிட்டுப் பாட்டை அணைத்தார்.

"அதுக்குள்ளயா?" என்றார்.

அக்கா ஏறிக் கதவைச் சாத்தினாள், அத்தான் வண்டியைக் கிளப்பினார்.

அந்த வாரமே தளத்தில் ஒரு பல்பு வெடித்தது. பல்பு என்றால் வெடிக்கும். வெல்டராக நடிப்பவருக்குக் காய்ச்சல் வந்தது. நாள் முழுக்கக் கவசத்துக்குள் வேர்த்தால் வராதா? ஆனால் வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. செத்தக்கா சிரிக்காமல் போய்விட்டாள், அந்தச் சாவு படத்தைப் பிடித்துக்கொண்டது என்று லைட் பிடிப்பவர்கள் வேலைக்கு வர மறுத்தார்கள். பிணத்தின் மேல் சொந்தம் கொண்டாடின அதே கம்பெனிகளின் தயாரிப்பாளர்கள் இருவரும் ஒரே காரில், ஒரே பழக்கூடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூடையை யார் பிடித்துக்கொள்வது என்று வாசலில்கூட ஒரு சின்ன இழுபறி நடந்தது.

அத்தான்தான் கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார். அவர்கள் ஐந்தே நிமிஷம் என்றார்கள், கேமராவை வீட்டுக்கே கொண்டுவருகிறோம் என்றார்கள், முகமூடி விஷயத்தில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோம் என்றுகூட ஒருவர் முனகினார். அம்மாவைக் கூப்பிடுங்கள், ஒரே ஒரு சிரிப்புப் போதும் என்றார்கள். அத்தான் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அவ உங்க படத்துல பேர் போடறதுக்கு முன்னாடியே செத்துட்டாளாமே" என்றார். "செத்தவங்களக் கூப்பிட்டா எப்படிங்க வருவாங்க?"

உள்ளே சமையலறையில் அக்கா சிரித்தாள். மாடிப்படியில் சிரித்த அதே சிரிப்பு. அடிவயிற்றிலிருந்து வந்தது, நிற்கவே இல்லை. தயாரிப்பாளர்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒருவர் படம் பிடிக்கப் பாக்கெட்டில் போனைத் துழாவினார். அதற்குள் அத்தான் எழுந்து உள்ளே போய், நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினது நான்தான்.